வடைச் சட்டிக்கும் கோச்செல்லாவுக்கும் நடுவில்: நேரலையைப் பற்றி ஒரு சவுண்ட் சிஸ்டம்காரன்

ஏப்ரல் 14, 2025, திங்கட்கிழமை. சித்திரைப் புத்தாண்டு. கோலாலம்பூர் செந்தூலில் அக்கா வீட்டு அடுப்பில் வடை வெந்துகொண்டிருக்கிறது, கூடத்து டிவியில், கோச்செல்லா இசை விழா நேரலையில், கொரியப் பாடகி ஜென்னி பாடிக்கொண்டிருக்கிறார். மணி பத்தே முக்காலைத் தாண்டியிருக்கும். கோயிலுக்குப் போட்டுப்போன பஞ்சாபி சூட்டைக்கூட மாற்றாமல் அக்கா மகள் டிவிக்கு இரண்டடி முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். சோபாவில் சாய்ந்திருந்த அவள் அண்ணன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "இதுல பாட்டு எங்க இருக்கு? டிராக்க ஓடவிட்டு வாய அசைக்குது."

அத்தோடு அந்த வீட்டில் புத்தாண்டு முடிந்தது. பாப்பா திரும்பி என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க சொல்லுங்க. நீங்கதானே சவுண்டு."

ஆமாம், நான்தான் சவுண்டு. இருபத்தாறு வருடமாகக் கோலாலம்பூரில் பி.ஏ. சிஸ்டம் வாடகைக்கு விடுகிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், பிறந்தநாள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, சில நேரம் காரியம். ஒரு வேன், இரண்டு மிக்சர், எட்டு ஸ்பீக்கர், எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு ஒயர். கோச்செல்லா மாதிரி மேடையில் ஒரு பிளக்கைக்கூடச் செருகியதில்லை. ஆனால் பாடுகிறவர் வாயிலிருந்து கேட்கிறவர் காதுக்கு வந்து சேர்வதற்குள் சத்தம் என்னென்ன பாடுபடும் என்று தெரியும். இரண்டு வார இறுதி, ஆறு நாள், அக்கா வீட்டு டிவியிலும் என் கைப்பேசியிலும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். பாடகர்களுக்கு மதிப்பெண் போடும் எண்ணம் இல்லை. இந்த நேரலையை நம்பி ஒரு பாடகரைத் தூக்கவோ தூற்றவோ முடியுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் விவரம் தெரியாதவர்களுக்கு. கோச்செல்லா, கலிஃபோர்னியாவில் இண்டியோ என்ற ஊரில் எம்பயர் போலோ கிளப் திடலில் நடக்கும் இசை விழா. முதல் விழா 1999 அக்டோபரில் நடந்தது. இப்போதெல்லாம் ஏப்ரலில் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில், ஏறத்தாழ அதே கலைஞர்களோடு இரண்டு முறை நடக்கிறது. யூடியூப் 2011 முதல் இதை நேரலையாகக் காட்டுகிறது. காசு கிடையாது. டிக்கெட், விமானம், பாலைவனத்தில் கூடாரம் என்று நேரில் போகிறவர் செலவழிக்கும் பணத்துக்கு நான் வேனுக்கு நாலு டயரும் மாற்றி, ஒரு புது மிக்சரும் வாங்கிவிடுவேன்.

நேரம் நமக்கு நன்றாக வாய்த்திருக்கிறது. ஏப்ரலில் கலிஃபோர்னியாவைவிட மலேசியா 15 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை மாலை 4 மணி என்றால் இங்கே சனிக்கிழமை காலை 7. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறும் நேரத்தில் நேரலையின் முதல் குழு மேடை ஏறும். அன்றைய பெரிய தலை நள்ளிரவை ஒட்டி வரும்போது இங்கே மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் இரண்டு மணி. சென்னையில் இருக்கும் என் மச்சான் பாவம், இதற்காக விடியற்காலை நாலரைக்கு எழ வேண்டும். நமக்கு ஒரே தொல்லை, அவர்களுடைய ஞாயிறு நமக்குத் திங்களாகிவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், கடைசி கச்சேரி முடிந்ததும் அன்றைய நிகழ்ச்சிகளையே திரும்ப ஓட்டுகிறார்கள். இரவுச் சாப்பாட்டோடு பார்த்துக்கொள்ளலாம். எல்லாமே கிடைத்துவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2023ல் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் ஓஷன் கச்சேரி நேரலையில் வராது என்று கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. இரண்டாம் வாரம் அவர் மேடைக்கே வரவில்லை.

2024ல் நான்கு மேடைகளை ஒரே டிவித் திரையில் நான்கு கட்டமாகப் பார்க்கும் வசதியும் வந்தது. படம் நாலு, சத்தம் ஒன்று. ரிமோட்டில் எந்தக் கட்டத்துக்குப் போகிறோமோ அந்த மேடையின் சத்தம் வரும். அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு அடுப்புலயும் சட்டி இருக்கு, நெருப்பு ஒண்ணுலதான் இருக்கு" என்றார். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. எந்த மேடையில் கூட்டம் துள்ளுகிறது என்று நோட்டம் விட அந்த நாலு கட்டம் உதவும். பாட்டுக் கேட்க ஒரு கட்டம் போதும்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

மேடையில் இருக்கும் மைக்கிலிருந்து வருகிற ஒலி ஒரே இடத்துக்குப் போவதில்லை. பிரித்து மூன்று பக்கம் அனுப்புவார்கள். திடலில் நிற்கும் கூட்டத்துக்காகக் கலப்பவர் ஒருவர். பாடுகிறவர், வாசிக்கிறவர் காதுக்குள் போவதைக் கலப்பவர் ஒருவர். ஒளிபரப்புக்கென்று கலப்பவர் இன்னொருவர். இந்த மூன்றாமவர் பெரும்பாலும் மேடையைப் பார்க்கக்கூட முடியாத இடத்தில், ஒரு வண்டிக்குள், சின்ன ஸ்பீக்கர் இரண்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காய்கறி ஒன்றுதான், குழம்பு வேறு வேறு. திடலில் நிற்கிறவன் ஒருவர் வைத்த குழம்பைச் சாப்பிடுகிறான், செந்தூலில் இருக்கிற நாம் இன்னொருவர் வைத்ததைச் சாப்பிடுகிறோம். அப்புறம் இருவரும் உப்பைப் பற்றிச் சண்டை போடுகிறோம்.

கூட்டத்தின் ஆரவாரமும் அப்படித்தான். அதைப் பிடிக்கத் தனி மைக்குகள் வைப்பார்கள். எவ்வளவு ஏற்றுவது என்பது வண்டிக்குள் இருப்பவர் கையில். "கூட்டம் செத்துக் கிடந்துச்சு" என்று பெரியவன், அதாவது பாப்பாவின் அண்ணன், எந்தக் குழுவைப் பற்றிச் சொன்னாலும் நான் நம்புவதில்லை, அந்த மைக்கைக் குறைத்து வைத்திருக்கலாம். ஆனால் 2024ல் பிளர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்ன், சேர்ந்து பாடாத கூட்டத்தைப் பார்த்து, இனிமேல் எங்களைப் பார்க்கப் போவதில்லை, இப்போதாவது பாடுங்கள் என்று கடுப்பானாரே, அன்று மைக்கின் மேல் பழி போட வழியே இல்லை.

முதல் சனிக்கிழமை டிவியின் சொந்த ஸ்பீக்கரில்தான் கேட்டோம். சுவரில் மாட்டும் மெல்லிய டிவிக்கு ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ இருக்கும், அது சுவரோடு பேசும், நம்மோடு பேசாது. பாப் பாடகி லிசா பாடிய சஹாரா மேடை ஆட்டத்துக்கும் அடி வயிற்றில் இடிக்கும் பேஸுக்கும் பேர் போனது. அந்தப் பேஸ் முழுவதும் டிவியில் காணோம். பேஸ் போனால் என்ன ஆகும் தெரியுமா? குரல் மட்டும் உரித்த கோழி மாதிரி வெளியே நிற்கும். சின்னப் பிசிறும் பெரிதாகக் கேட்கும். திடலின் முழக்கத்துக்குள் யாரும் கவனிக்காத ஒரு மூச்சுத் திணறல், டிவியில் பாடவே தெரியாத ஆள் மாதிரி ஒலிக்கும். 2024ல் லெ செராஃபிம் என்ற கொரியப் பெண்கள் குழு கோச்செல்லாவில் பாடியபோது குரல் தடுமாறியது என்று உலகம் முழுக்க ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். தடுமாறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடித்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

மறுநாள் வேனிலிருந்து பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடியை இறக்கினேன். கூடத்தின் இரண்டு மூலையிலும் ஸ்டாண்டு போட்டு, டிவிக்கு ஒயர் இழுத்து, சின்ன மிக்சரில் கொடுத்தேன். அக்கா, "காது குத்தா, கச்சேரியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்தார். அக்கா தே-ஓ (பால் இல்லாத தேநீர்) கொடுத்தார், உட்கார்ந்தார், கிரீன் டே ராக் குழு முடிக்கும் வரை எழவில்லை.

பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் ஒரு விஷயம் தெளிவாகும். பாடுகிறவர் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் படுத்திருக்கும், அவருடைய குரலேதான், முன்பே பதிவு செய்தது. ஆடிக்கொண்டே பாடுகிறவர்களில் பெரும்பாலானோர் இதை வைத்துக்கொள்கிறார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் அது தாங்கிப் பிடிக்கும். இதைக் கண்டுபிடித்துவிட்டு "பாடவே இல்லை" என்று குதிப்பது, சப்பாத்திக்கட்டையைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தி கையால் செய்ததில்லை என்று சொல்வது மாதிரி. அடியில் இருப்பது எவ்வளவு, மேலே இருப்பது எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும்.

நம் மேடைகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மைனஸ் ஒன் டிராக் (குரலை எடுத்துவிட்ட இசைப் பதிவு) இல்லாமல் இங்கே எந்தக் கல்யாணம் நடக்கிறது? பல வருடத்துக்கு முன் ஒரு திருமண மண்டபத்தில் ஒரு பாடகருக்கு நான்தான் சவுண்டு. யார், எங்கே என்பது வேண்டாம். பென் டிரைவைக் கொடுத்து, "அண்ணே, மூணாவது பாட்டு" என்றார். ஓடவிட்டேன். சரணத்தில் ஏதோ குழந்தை தடுக்கி ஒயர் மைக்கிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. குரலும் நிற்கவில்லை! கையில் ஒயர் கழன்ற மைக்கோடு அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், மண்டபமே எங்கள் இருவரையும் பார்க்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். அன்றைக்குக் கொடுத்த கூலியில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) குறையவில்லை, எனக்கும் சரி, அவருக்கும் சரி.

அந்த ஞாபகம் இருந்ததால்தான் இரண்டாம் வாரம் நடந்ததை எழுந்து நின்று பார்த்தேன். ஏப்ரல் 19, சனிக்கிழமை மதியம். லேடி காகா. மேடையை ஒரு பழைய இசை நாடக அரங்கு மாதிரி கட்டியிருந்தார்கள். தொடக்கத்தில் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய சிவப்பு உடையின் உச்சியில் நின்று பாடினார். பாவாடை திறந்தால் உள்ளே ஆடுகிறவர்கள். முதல் வாரமே இதைப் பார்த்து பாப்பா வாயைப் பிளந்துவிட்டாள். இரண்டாம் வாரம், தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, ஆட்டத்தின் நடுவில், கன்னத்தை ஒட்டி மாட்டியிருந்த ஹெட்செட் மைக் மக்கர் பண்ணியது. இசை ஓடிக்கொண்டிருக்கிறது, குரலைக் காணோம். எனக்கு வியர்த்துவிட்டது. என் வேலை இல்லை, என் மைக் இல்லை, பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ ஒரு பையன் பக்கவாட்டில் நின்று பதறுகிறான், எனக்கு இங்கே வியர்க்கிறது.

ஹெட்செட் மைக் எப்படிச் சாகும் என்று எனக்குத் தெரியும். வியர்வை இறங்கும். இடுப்பில் கட்டிய டிரான்ஸ்மிட்டருக்குள் ஒயர் நுழையும் கழுத்து வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. பேட்டரி சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். அதனால்தான் உறுமி மேளக் குழுவோ பட்டிமன்றமோ, யார் வந்தாலும், பாதி தீர்ந்த பேட்டரியை நான் மேடைக்கு அனுப்புவதில்லை. பாதியை வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் கடிகாரம் நின்றதே இல்லை.

காகாவின் கைக்கு ஒரு கை மைக் வந்தது. ஆட்டம் நிற்கவில்லை. அவர் அதைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்தைத் தாண்டிப் போய்ப் பாட்டில் ஏறிக்கொண்டார். பிறகு கூட்டத்திடம் மைக் கெட்டதற்கு வருத்தம் சொல்லி, நான் நேரடியாகத்தான் பாடுகிறேன் என்பதாவது உங்களுக்குத் தெரிந்துவிட்டதே என்று சிரித்தார். ஆறு நாள் நேரலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இடம்தான். இதற்காகவே நேரலை பார்க்க வேண்டும். பின்னால் வெட்டி ஒட்டிய படத்தில் இது கிடைக்காது. 2018ல் பியான்சே பாடினாரே, கோச்செல்லாவின் பெரிய மேடையைத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண், அதை வைத்து மறுவருடம் வந்த ஆவணப்படத்தில் இரண்டு வாரக் கச்சேரியையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஒரு வாரம் மஞ்சள் உடை, மறுவாரம் இளஞ்சிவப்பு. ஒரே அசைவின் நடுவில் உடை நிறம் மாறும். தையல் பிரமாதம். ஆனால் மைக் செத்த நிமிடத்தை யாரும் தைத்து வைக்கமாட்டார்கள்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவன் அசரவில்லை. "நேர்ல பாடுறேன்னு காட்டுறதுக்கே மைக்க கெடுத்திருப்பாங்க" என்றான். அந்தப் பிள்ளைக்குச் சட்டம் படிக்க வைக்கலாம்.

வாய் அசைப்பைப் பற்றி அவன் சொன்ன இன்னொரு காரணம்தான் எனக்குச் சுவையாக இருந்தது. "உதடும் சத்தமும் ரொம்ப சரியா ஒட்டுது மாமா, அதான் சந்தேகமா இருக்கு" என்றான். இதற்கு புக்கிட் ஜாலில் அரங்கத்தைக் காட்டித்தான் பதில் சொன்னேன். 2023 ஜனவரியில் ஏ.ஆர்.ரஹ்மான் அங்கே கச்சேரி செய்தபோது நாங்கள் மேல் தட்டில் உட்கார்ந்திருந்தோம். சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். மேடைக்கும் நமக்கும் நூறு மீட்டர் என்றால், டிரம்மில் குச்சி விழுந்ததைக் கண் பார்த்து, வினாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் கழித்துத்தான் மேடைச் சத்தம் காதுக்கு வரும். பெரிய திரையில் உதடு முன்னால் போகும், பாட்டு பின்னால் வரும். பெரிய திரைப் படத்தைக் கொஞ்சம் தாமதிப்பது இதைச் சரிக்கட்டத்தான். நேரில் பார்க்கிறவனுக்குத்தான் ஒட்டாது. வீட்டில் பார்க்கிறவனுக்கு இரண்டையும் ஒட்டவைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஒட்டுகிறது என்பதால் பொய் என்றால் செய்தி வாசிப்பவரும் வாய்தான் அசைக்கிறார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா ஏப்ரல் 21 சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கையில் இரண்டு கைப்பேசி, ஒன்று அவளுடையது, ஒன்று அம்மாவுடையது. ஒன்றில் ஒரு குழுவின் முதல் வாரக் கச்சேரித் துண்டு, இன்னொன்றில் அதே பாட்டு, இரண்டாம் வாரம். (எந்தக் குழு என்று சொல்லமாட்டேன், சொன்னால் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.) இரண்டையும் ஒரே அடியில் ஓடவிட்டாள். மூச்சு ஒரே இடத்தில். ஒரு சின்னச் சிரிப்பு ஒரே இடத்தில், ஒரே நீளத்தில். வரி முடிவில் குரல் கரகரப்பதுகூட ஒரே மாதிரி. இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, இடையில் கேட்கும் அந்த உலோகச் சீறல் வந்தது. ஒரே பதிவை இரண்டு முறை ஓடவிட்டால் மட்டும் வருகிற சத்தம் அது. எனக்கு அது தெரியும், அவளுக்கு அதன் பெயர் தெரியாது, ஆனால் கண்டுபிடித்துவிட்டாள். பிறகு ஜென்னியின் பாட்டை அதே மாதிரி வைத்தாள். அது ஒட்டவே இல்லை, ஒன்று முந்த, ஒன்று பிந்த, சந்தைக்கடை.

"இப்ப சொல்லுங்க மாமா."

இருபத்தாறு வருடத் தொழிலில் இப்படி ஒரு சோதனை எனக்குத் தோன்றவில்லை. நமக்கு இரண்டு வாரம் ஒரே கச்சேரி கிடைத்ததில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் யோசித்தால், இந்த நேரலையின் பெரிய லாபமே இதுதான். டிக்கெட் வாங்கிப் போனவன் ஒரு வாரம் பார்ப்பான். வீட்டில் இருக்கிற நாம் இரண்டு வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வாரத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவந்ததை ஒரு பதினேழு வயதுப் பெண் இரண்டு கைப்பேசியில் காட்டிவிட்டாள்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு டி.எம்.எஸ். ஒருவர்தான் பாடகர், மற்றவர்கள் மைக் பிடிப்பவர்கள். 2012ல், ராப் பாடகர் டுபாக் ஷகூர் இறந்து ஏறத்தாழ பதினாறு வருடம் கழித்து, அவர் உருவத்தைக் கோச்செல்லா மேடையில் நடமாடவிட்டார்கள் என்றும், 2024ல் ஹட்சுனே மிகு என்கிற கணினிப் பாட்டுக்காரி திரையில் வந்து பாடியது என்றும் பெரியவன் சொன்னதும், "அதுக்கு தொண்டையே இல்லையா? அப்ப வாய் அசைச்சா தப்பில்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். ஆனால் மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. 2005லேயே அந்தத் திடலில் பாடினார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பிள்ளையா? யாழ்ப்பாணமா?" என்று இரண்டு முறை கேட்டார். 2023ல் தில்ஜித் தோசான்ஜ் பஞ்சாபியில் பாடியதையும், 2024ல் சித் ஸ்ரீராம் அங்கே மேடை ஏறியதையும் சொன்னோம். "சித் ஸ்ரீராம் வந்தப்ப ஏன் என்னைக் கூப்பிடல?" என்று அக்காதான் சமையல்கட்டிலிருந்து கோபித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. அந்த வருடம் நாங்கள் நாலு கட்டத்தில் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தோம்.

குறைகள் உண்டு. வீட்டு இணைய இணைப்பு (எந்த நிறுவனம் என்று வேண்டாம், எல்லோரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தான்) ஞாயிறு மதியம் இரண்டு முறை நின்றது. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றி முடித்துப் படம் வந்தபோது கிரீன் டே வேறு பாட்டில் இருந்தது. அப்புறம் தாமதம். நேரலை என்றாலும் ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு மாதிரி பின்தங்கி வரும். பெரியவன் கைப்பேசியில் டிவியைவிடப் பதினைந்து வினாடி முன்னால் ஓடியது. டிவியில் விளக்கு அணையும்போதே, "இப்ப வருவாங்க பாரு" என்று யார் வரப்போகிறார்கள் என்பதைச் சொல்லிக் கெடுத்துக்கொண்டே இருந்தான். தங்கை எறிந்த தலையணை என் காபிக் கோப்பையில் விழுந்தது. ஒரே வீட்டில் பார்க்கிறவர்கள் ஒரே திரையில் பாருங்கள். கைப்பேசித் தரவில் பார்க்க நினைப்பவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு காலைப் பொழுதில் நாலு ஜிபி போய்விட்டது. மேடைக்கு மேடை சத்த அளவும் மாறுகிறது. கூடார மேடையிலிருந்து பெரிய மேடைக்குத் தாவினால் ரிமோட்டைத் தேட வேண்டும்.

உள்ளூரில் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் செப்பாங்கில் மூன்று நாள் விழா ஒன்று, முதல் நாள் இரவு ஒரு வெளிநாட்டுக் குழு மேடையில் நடந்துகொண்ட விதத்தால் மறுநாளே நிறுத்தப்பட்டது. நம் ஊர்க் குழுக்களும் அதோடு மேடை இழந்தார்கள். அவர்களுக்குச் சவுண்டு கொடுக்க வந்தவர்களையும் ஒயர் இழுக்க வந்தவர்களையும் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. இறக்கிய ஸ்பீக்கரை ஒரு பாட்டுக்கூடப் போடாமல் திரும்ப ஏற்றுகிற வலி, தொழிலில் இருப்பவனுக்குத்தான் தெரியும்.

வாங்கலாமா என்று முடிவில் சொல்ல இதில் விலையே இல்லை, அதனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். டிவி ஸ்பீக்கரை நம்பாதீர்கள். ஐம்பது வெள்ளிக்கு ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்கினால் போதும். ஒயரில்லாதது வேண்டாம், அதில் சத்தம் படத்துக்குப் பின்னால் வரலாம், அப்புறம் அதற்கு ஒரு சண்டை. பிடித்தவர் யாராக இருந்தாலும் இரண்டு வாரமும் பாருங்கள். முதல் வாரம் ரசிகராக, இரண்டாம் வாரம் பாப்பாவாக.

ஸ்பீக்கரை வேனில் ஏற்றும்போது அக்கா நாள்காட்டியோடு வாசலுக்கு வந்தார். அடுத்த வருட விழா 2026 ஏப்ரல் 10ல் தொடங்குகிறது என்று பாப்பா சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. விரலை வைத்து எண்ணினார்.

"அவங்க ஞாயிறு நமக்குத் திங்கள், பதிமூணு. புத்தாண்டு செவ்வாய்க்கிழமை, பதினாலு. முட்டல தம்பி," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஸ்பீக்கர் ரெண்டையும் திங்கள் ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போ. காலையில சாமி பாட்டுப் போடணும்."